எழுப்புவதா, பூட்டுவதா, வெட்டி எடுப்பதா? உறங்கும் எச்ஐவிக்கு எந்த வழி

ஆராய்ச்சிக்குத் தலைப்புத் தேடும் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான்: "அக்கா, எச்ஐவி உறக்கநிலையில்தான் வேலை செய்யப் போகிறேன், அது முடிவு. ஆனால் ஒரு ஆய்வகத்தில் வைரஸை எழுப்பிக் கொல்லப் பார்க்கிறார்கள், இன்னொன்றில் எழவே விடாமல் பூட்டப் பார்க்கிறார்கள், மூன்றாவதில் கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியை வைத்து வைரஸை வெட்டி எடுக்கப் பார்க்கிறார்கள். ஐந்து வருடத்தைப் போட வேண்டிய இடம். எதில் சேரட்டும்?" போனில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, எழுதுகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தபோதுதான் இது அவனுடைய கேள்வி மட்டும் இல்லை என்று உறைத்தது. தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு "இது எப்போது முழுசாகப் போகும்?" என்று கேட்கிறவர்களும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எச்ஐவியைப் பொறுத்தவரை நான் பூட்டும் பக்கம். வெட்டுவது அதற்குத் துணையாக வரலாம். எழுப்பிக் கொல்வதில்தான் அதிக வருடங்களும் அதிக உழைப்பும் போயிருக்கின்றன, ஆனால் அதைத் தனியாக நம்பி இறங்காதே என்பேன். ஏன் என்று சொல்ல, இந்த வைரஸின் தூக்கம் எப்படிப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் தூக்கத்தின் தன்மைதான் ஆயுதத்தைத் தீர்மானிக்கிறது.

எச்ஐவி, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் சிடி4 டி செல்லுக்குள் போனதும் தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுத்து நம் குரோமோசோமிலேயே செருகிவிடுகிறது. அப்படிச் செருகப்பட்ட செல்களில் பெரும்பாலானவை வைரஸை உற்பத்தி செய்தே செத்துப்போகும். ஆனால் சில செல்கள் அந்த நேரம் பார்த்து வேலையை முடித்துவிட்டு நினைவு செல்லாக ஓய்வுக்குப் போய்விடும், செல் ஓய்ந்தால் உள்ளே இருக்கும் வைரஸ் மரபணுவும் ஓய்ந்துவிடும். ஓய்ந்த செல்லில் என்எஃப்-கப்பா-பி போன்ற தூண்டும் புரதங்கள் உட்கருவுக்கு வெளியே கட்டிப்போடப்பட்டிருக்கும். வைரஸ் மரபணு படிக்கப்படத் தொடங்கும் இடத்தை ஒட்டியே ஒரு நியூக்ளியோசோம், அதாவது ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றி டிஎன்ஏ சுருண்ட உருண்டை, உட்கார்ந்திருக்கும், அதன் ஹிஸ்டோன்களிலிருந்து அசிட்டைல் என்ற சிறு வேதிக் குழுக்களை நீக்கி நீக்கி அந்தச் சுருளை இறுக்கமாகவே வைத்திருக்கும் நொதிகள் வேறு அங்கே இருக்கும். இதையெல்லாம் தாண்டி மரபணுவைப் படிக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் படிக்கத் தொடங்கினாலும் சுமார் 60 எழுத்து போனதும் நின்றுவிடும். அதைத் தள்ளிவிட டாட் என்ற வைரஸ் புரதம் வேண்டும். அந்த டாட்டைச் செய்வதற்கே அதே மரபணு முழுசாகப் படிக்கப்பட வேண்டும்.

இந்த வட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், முழு விவாதமும் இதற்குள்தான் இருக்கிறது. டாட் இருந்தால் மேலும் டாட் வரும், இல்லாவிட்டால் வராது. ஏதோ ஒரு செல்லில் தற்செயலாக நாலைந்து பிரதி கூடுதலாகப் படிக்கப்பட்டால் இயந்திரம் பற்றிக்கொண்டு ஓடும், படிக்கப்படாவிட்டால் அப்படியே கிடக்கும். பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா வைரஸின் தூக்கம் இப்படி இல்லை. அது தூங்குவதற்கென்றே சிஐ என்ற அடக்கும் புரதத்தைத் தானே செய்து தன் டிஎன்ஏ மேல் உட்கார வைக்கிறது. 1950இல் ஆந்த்ரே ல்வோஃபும் அவர் குழுவினரும் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சியதும் இதே போல் தூங்கும் வைரஸைச் சுமந்த பாக்டீரியாக்கள் கூட்டமாக வெடித்து வைரஸைக் கொட்டின, காரணம் டிஎன்ஏ சேதமானால் அந்த அடக்கும் புரதம் உடைவது போலவே அதன் ஏற்பாடு இருக்கிறது. அதாவது லாம்டாவிடம் ஒரு பூட்டும் உண்டு, அதற்குச் சாவியும் உண்டு. எச்ஐவியிடம் பூட்டே இல்லை. அது பூட்டப்பட்டதால் தூங்கவில்லை, யாரும் தள்ளிவிடாததால் தூங்குகிறது.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துப் புரியவில்லை, மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் புரிந்தது. ஜே-லாட் என்ற செல் வகையை 2003இல் உருவாக்கினார்கள், உறங்கும் எச்ஐவி டிஎன்ஏவும் அதில் ஒரு பச்சை ஒளிரும் புரதத்தின் மரபணுவும் சேர்த்து வைத்த டி செல்கள். வைரஸ் விழித்தால் செல் பச்சையாக ஒளிரும். ஒரே குளோனில் வளர்ந்த செல்கள் என்பதால் எல்லாவற்றிலும் அதே வைரஸ், அதே குரோமோசோமில் அதே இடத்தில். அதில் டி செல்லைத் தூண்டிவிடும் டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற புரதத்தைச் சேர்த்துவிட்டு மறுநாள் காலை தட்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். கொத்துக் கொத்தாகச் சேர்ந்து கிடந்த செல்களில் ஒன்று பளீரென்று பச்சை, அதை ஒட்டிக் கிடந்தது கறுப்பு, அதற்கடுத்தது லேசாக மினுங்குகிறது. அளவைக் கூட்டினால் பச்சை கூடியது. ஆனால் தட்டு முழுக்க ஒளிர்ந்ததை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஒளிராத செல்களை மட்டும் பிரித்து எடுத்து மறுபடி தூண்டினால் அதிலும் கொஞ்சம் பச்சை வரும், மிச்சம் கறுப்பாகவே இருக்கும். எந்தச் செல் முதல் தடவை எழும், எது இரண்டாம் தடவை எழும் என்று முன்கூட்டிச் சொல்ல எனக்கு வழியே இல்லை.

அந்தக் காலையிலிருந்தே எழுப்பிக் கொல்லும் வழியின் மேல் எனக்குச் சந்தேகம். அதன் யோசனை அழகானது, அதை மறுக்கவில்லை: உறங்கும் வைரஸை நோய் எதிர்ப்பு மண்டலத்தால் பார்க்க முடியாது, ஆகவே மருந்து கொடுத்து எழுப்பு, எழுந்ததும் அந்தச் செல் வைரஸாலோ கொல்லும் டி செல்களாலோ சாகட்டும், பக்கத்துச் செல்களுக்குப் பரவாமல் வழக்கமான மாத்திரை பார்த்துக்கொள்ளும். 2012இல் டேவிட் மார்கோலிஸ் குழு எட்டுப் பேருக்குப் புற்றுநோய் மருந்தான வோரினோஸ்டாட்டை ஒரே ஒரு தடவை கொடுத்துப் பார்த்தது. ஹிஸ்டோன் சுருளைத் தளர்த்தும் மருந்து அது. ஓய்ந்த செல்களில் எச்ஐவி ஆர்என்ஏ சராசரியாக 4.8 மடங்கு கூடியது. எழுப்ப முடியும் என்று மனிதரிடமே காட்டிவிட்டார்கள், எங்கள் துறையில் அது எவ்வளவு பெரிய நாள் என்று சொல்லி மாளாது. ஆனால் எழுந்தவை சாகவில்லை. உறங்கும் செல்களின் எண்ணிக்கை, அதாவது ஆய்வகத்தில் நாங்கள் ரிசர்வாயர் என்று சொல்லும் ஒளிவிடம், அப்போதும் குறையவில்லை, அதற்கப்புறம் வந்த சோதனைகளிலும் பெரிதாகக் குறையவில்லை. பிரிட்டனில் 60 பேரை வைத்து நடத்திய ரிவர் சோதனையில் வோரினோஸ்டாட்டோடு தடுப்பூசியும் கொடுத்து, கொல்லும் டி செல்களைக் கூர்தீட்டியே விட்டார்கள். 2020இல் முடிவு வந்தது: வழக்கமான மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமில்லை.

காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. எழுந்த வைரஸ் ஆர்என்ஏ செய்தாலும் செல்லைக் கொல்லுமளவுக்குப் புரதம் செய்வதில்லை. ஒளிவிடத்தில் இருக்கும் வைரஸ்களில் நிறைய, கொல்லும் டி செல்களிடமிருந்து ஏற்கெனவே தப்பிக்கக் கற்று மாறிவிட்டவை. அப்புறம் 2013இல் வந்த ஒரு ஆய்வு, என்னைப் பொறுத்தவரை அதுதான் பெரிய அடி: செல்களை உச்சமாகத் தூண்டியும் எழாத வைரஸ்களை எடுத்து ஒவ்வொன்றின் மரபணு எழுத்துகளையும் படித்துப் பார்த்தபோது, அவற்றில் சுமார் 12 சதவீதம் எந்தக் குறையும் இல்லாத முழு வைரஸ்கள். பழுதாகிப்போனதால் எழவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவை, இந்தத் தடவை எழவில்லை, அவ்வளவுதான். தட்டில் நான் பார்த்த அதே கறுப்புச் செல்கள்தான். தூக்கம் தற்செயல் என்றால் விழிப்பும் தற்செயல்தான், தற்செயலை மருந்தின் அளவைக் கூட்டி வெல்லப் போனால் வைரஸுக்கு முன் நோயாளியின் உடம்பு தளர்ந்துவிடும், ஏனென்றால் இந்த மருந்துகள் வைரஸின் சுருளை மட்டும் தளர்த்துவதில்லை, நம் மரபணுக்களின் சுருளையும் சேர்த்தே தளர்த்துகின்றன.

ஒரு விஷயத்தை இங்கே நியாயமாகச் சொல்லியாக வேண்டும். 2025இல் மெல்போர்னில் ஒரு குழு, டாட்டைச் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் எம்ஆர்என்ஏவையே கொழுப்புத் துகளில் பொதிந்து, ஓய்ந்த டி செல்லுக்குள் அனுப்பிக் காட்டியது. ஓய்ந்த டி செல் அந்நியப் பொருளை லேசில் உள்ளே விடாது, அதைத் தாண்டியதே சாதனை. செல்லின் பொதுவான சுவிட்சுகளைத் தட்டாமல் வைரஸின் சொந்தச் சாவியையே கொடுத்து எழுப்புவதால் இது பழைய மருந்துகளைவிட எவ்வளவோ துல்லியம். எழுப்பும் வழியில் இறங்கித்தான் ஆவேன் என்பவர்கள் இந்தக் கதவு வழியாகப் போகலாம். ஆனால் கொல்வது யார் என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

வெட்டி எடுப்பது கேட்பதற்கு மிகவும் தெளிவான வழி. செருகப்பட்ட டிஎன்ஏதான் பிரச்சினை என்றால் அதைக் கத்தரித்துவிட்டால் போயிற்று. வைரஸ் விழித்திருக்கிறதா தூங்குகிறதா என்ற கவலையே இல்லை. 2022இல் மனிதரிடம் முதல் சோதனை தொடங்கியது, நோய் தராத, சுமை தூக்கியாகப் பயன்படும் அடினோ சார்ந்த வைரஸ் ஒன்றில் கிரிஸ்பர் கருவியை ஏற்றி ஊசி போட்டார்கள். பெரிய பக்கவிளைவு இல்லை, அது நல்ல செய்தி. மாத்திரையை நிறுத்திப் பார்த்தவர்களிடம் வைரஸ் திரும்பி வந்தது, ஒருவரிடம் மட்டும் நான்கு மாதம் போல் தாமதித்து வந்தது.

இதில் கத்தரிக்கோல் மேல் குறை இல்லை, அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் குறை. மாத்திரை எடுப்பவர் உடம்பில், எழக்கூடிய முழு வைரஸ் வைத்திருப்பது ஓய்ந்த சிடி4 செல்களில் சுமாராகப் பத்து லட்சத்துக்கு ஒன்று. அது நிணநீர்க் கணுவில் இருக்கலாம், குடல் சுவரில் இருக்கலாம், மண்ணீரலில் இருக்கலாம். வெளியே எந்த அடையாளமும் இல்லை. ஒரு செல்லைப் பிடிக்கப் பத்து லட்சம் செல்லுக்குள் கத்தரிக்கோலை அனுப்ப வேண்டும், அதில் தவறான இடத்தில் ஒரு வெட்டு விழுந்தாலும் அது நிரந்தரம். போதாததற்குச் செருகப்பட்ட வைரஸ்களில் 90 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே பழுதானவை, கத்தரிக்கோலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

சரி, பூட்டு. எழுப்புவதற்கு நேர் எதிரான யோசனை இது: தூங்குகிறதா, இன்னும் ஆழமாகத் தூங்கட்டும், மாத்திரையை நிறுத்தினாலும் எழாத அளவுக்கு. எச்ஐவியிடம் பூட்டு இல்லை என்றேன் அல்லவா, இல்லாத பூட்டை நாம் போட்டுவிடுவது. ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் சுசானா வலென்டே குழு இதற்குக் கையில் எடுத்தது டைடிஹைட்ரோ-கார்ட்டிஸ்டாட்டின் ஏ என்ற மூலக்கூறு, கடற்பஞ்சு ஒன்றில் கிடைத்த பொருளை மாதிரியாக வைத்து உருவாக்கியது. அது டாட்டைப் பிடித்துக்கொள்கிறது. டாட் இல்லாவிட்டால் வட்டம் உடைகிறது, சரிதான். அதற்குப் பிறகு நடப்பதுதான் முக்கியம். அதிக நாள் படிக்கப்படாமல் கிடக்கும் இடத்தை செல்லே மெல்ல மெல்ல இறுக்கிவிடுகிறது. தொடக்கத்தில் இருக்கும் அந்த நியூக்ளியோசோம் இன்னும் அழுத்தமாக உட்காருகிறது, பாலிமரேஸ் வருவது குறைகிறது, மருந்தை எடுத்துவிட்டாலும் இறுக்கம் உடனே தளர்வதில்லை. புழங்காத வழியில் புல் முளைப்பது மாதிரி. மனித நோய் எதிர்ப்புச் செல்கள் பொருத்திய எலிகளில் 2017இல் பார்த்தபோது, எல்லா மருந்தையும் நிறுத்திய பிறகு வைரஸ் திரும்புவது 19 நாள் வரை தள்ளிப்போனது.

பத்தொன்பது நாள்தானா என்று அந்தத் தம்பியும் கேட்பான். எலியில் பத்தொன்பது நாள், ஒரே ஒரு மருந்தை வைத்து, அதுவும் இந்த வழியில் உழைத்தவர்கள் மற்ற இரண்டையும்விட மிகக் குறைவு. நான் இதை நம்புவதற்கு எலி மட்டும் காரணமில்லை. மருந்தே இல்லாமல் எச்ஐவியை அடக்கி வைத்திருக்கும் சிலர் இருக்கிறார்கள், பாதிக்கப்பட்டவர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அப்படிப்பட்ட 64 பேரின் செல்களில் வைரஸ் எங்கே செருகியிருக்கிறது என்று 2020இல் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். குறையில்லாத முழு வைரஸ்கள்தான், ஆனால் அவற்றில் நிறைய மரபணுவே இல்லாத பாலைவனப் பகுதிகளிலும், குரோமோசோமின் இடுப்பான சென்ட்ரோமியரை ஒட்டிய இறுகிய டிஎன்ஏவிலும், எப்போதும் மூடியே கிடக்கும் ஜிங்க் விரல் என்ற வகை மரபணுக்களிலும் மாட்டிக்கொண்டிருந்தன. முழு வைரஸை உடம்பில் வைத்துக்கொண்டே மாத்திரை இல்லாமல் வாழலாம், அது சரியான இடத்தில் புதைந்திருந்தால் போதும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? (ஒரு எச்சரிக்கை: இவர்களிடம் வைரஸ் பார்த்துப் பார்த்து அங்கே போய் உட்காரவில்லை, மற்ற இடங்களில் இருந்தவற்றை அவர்களுடைய டி செல்கள் வருடக்கணக்கில் தின்று தீர்த்துவிட்டன, மிஞ்சியது இது. ஆகவே பூட்டிய வைரஸ் தொல்லை தராது என்று இது காட்டுகிறது, நம்மால் பூட்ட முடியும் என்று காட்டவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதுகிறவர்கள் அதிகம்.) சுமார் இருபது வருடம் மாத்திரை எடுத்தவர்களிடமும் இதே சாய்வு கொஞ்சம் தெரிகிறது, முழு வைரஸ்கள் மெதுவாக மூடிய இடங்களில் மட்டும் மிஞ்சத் தொடங்குகின்றன. இன்னொரு குழு அதே அளவு காலம் மாத்திரை எடுத்தவர்களைப் பார்த்துவிட்டு, எழக்கூடிய வைரஸ் குறையவே இல்லை என்றது. இரண்டும் 2023இல் வந்தவை. தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று காத்திருக்க முடியாது என்பதுதான் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது.

பூட்டின் பலவீனமும் அதே தற்செயல்தான். டாட்டை அடைத்தாலும் என்எஃப்-கப்பா-பி வரும் வழி முழுசாக அடையவில்லை, கடுமையான ஒரு காய்ச்சல் வந்து டி செல்கள் மொத்தமாகக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு எலி பதில் சொல்லாது. பூட்டு எல்லாச் செல்லிலும் எல்லா நாளும் நிற்க வேண்டும்.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். மாத்திரையை நிறுத்தினால் இரண்டு மூன்று வாரத்தில் வைரஸ் இரத்தத்தில் தெரியும். பெரும்பாலானவர்கள் ஒரு வருடம் மாத்திரை இல்லாமல் இருக்க ஒளிவிடம் ஏறக்குறைய 2000 மடங்கு குறைய வேண்டும் என்று 2014இல் ஒரு கணித ஆய்வு மதிப்பிட்டது. தானாகக் கரைய விட்டால் பாதியாவதற்கே 44 மாதம், முழுசாகத் தீர 70 வருடத்துக்கு மேல். 2000 என்ற எண்ணைப் பார்த்ததும் எல்லோரும் செல்களின் எண்ணிக்கையைத்தான் நினைக்கிறார்கள், எழுப்புகிறவர்களும் வெட்டுகிறவர்களும் அதைத்தான் குறைக்கப் பார்க்கிறார்கள். ஆனால் நோய் திரும்புவது எண்ணிக்கையால் மட்டும் இல்லை, எத்தனை செல் இருக்கிறது என்பதை ஒரு செல் ஒரு நாளில் எழும் வாய்ப்பால் பெருக்கி வருவது அது. பூட்டு அந்த இரண்டாவது எண்ணைக் குறைக்கிறது. இரண்டும் பெருக்கல் என்பதால் வெட்டு 40 மடங்கும் பூட்டு 50 மடங்கும் குறைத்தால் 2000 வந்துவிடுகிறது, எந்த ஒன்றும் தனியாக அற்புதம் செய்ய வேண்டியதில்லை. எழுப்புவதும் பூட்டுவதும் மட்டும் இப்படிச் சேராது, ஒன்று தளர்த்துவதை மற்றது இறுக்கும்.

நோயாளி பக்கத்திலிருந்து பார்த்தாலும் எனக்குப் பூட்டுதான் முன்னால் வருகிறது. இன்றைக்கு மாத்திரை எடுப்பவர் ஏறக்குறைய எல்லோரையும் போலவே ஆயுள் வாழ்கிறார், இரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கியிருந்தால் துணைக்கும் பரவாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் வந்துவிட்டது. இந்த நிலையில் இருப்பவரிடம் போய் "குணமாகலாம், ஆனால் ஆபத்து உண்டு" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? 2007இல், எச்ஐவியிலிருந்து முதன்முதலில் குணமானவரான திமத்தி ரே பிரவுனுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றியபோது அவருக்கு உயிரைப் பறிக்கும் இரத்தப் புற்றுநோய் இருந்தது, அதனால் அந்த ஆபத்துக்கு அர்த்தம் இருந்தது. நல்ல உடல்நிலையில் இருப்பவருக்குக் கொடுக்கும் எதுவும் மாத்திரை அளவுக்குப் பாதுகாப்பாக இருக்க வேண்டும். வைரஸின் ஒரு புரதத்தை மட்டும் குறிவைத்து, வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ளலாம் என்கிற மருந்து அந்த அளவுகோலைத் தொட வாய்ப்பு அதிகம். போட்ட வெட்டைத் திரும்ப எடுக்க முடியாது. இன்னொன்று, மாத்திரை எடுக்கும்போதும் பழுதான வைரஸ்கள் உட்படக் கொஞ்சம் ஆர்என்ஏ கசிந்துகொண்டே இருக்கிறது, அது நாள்பட்ட அழற்சிக்கு ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. பூட்டு பாதி வெற்றி பெற்றால்கூட அந்தக் கசிவு குறையும். எழுப்புவதில் பாதி வெற்றி என்றால் நோயாளிக்குக் கிடைப்பது கூடுதல் ஆர்என்ஏ மட்டும்.

இதை எல்லா வைரஸுக்கும் பொருத்திவிடக் கூடாது. ஹெர்ப்பிஸ் நரம்பு முடிச்சுகளில் உறங்குகிறது, அங்கே எழுப்பிக் கொல்வது என்றால் நம் நரம்பு செல்லையே பலி கொடுப்பது, நினைத்தே பார்க்கக் கூடாது. ஆனால் அது குரோமோசோமில் செருகாமல் தனி வளையமாகக் கிடக்கிறது, ஒளியும் இடமும் நமக்குத் தெரிந்த சின்ன இடம், ஆகவே வெட்டுவதற்கு அதைவிட நல்ல இலக்கு இல்லை. கீத் ஜெரோம் குழு 2020இல் எலியின் கழுத்து நரம்பு முடிச்சில் உறங்கும் ஹெர்ப்பிஸ் டிஎன்ஏவை 90 சதவீதத்துக்கும் மேல் குறைத்துக் காட்டியது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் உறங்கும் புற்றுக்கட்டிகளில் எழுப்புவதுதான் நியாயம், செல் சாக வேண்டும் என்பதே அங்கே நோக்கம். தூங்கும்போது செய்யாத ஒரு நொதியை அந்த வைரஸ் விழித்ததும் செய்கிறது, கன்சிக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து செல்லைக் கொல்லும் விஷமாக மாறுவதற்கு அந்த நொதிதான் வேண்டும்.

தம்பிக்கு நேரடியாக: பூட்டும் ஆய்வகத்தில் சேர். அவர்களிடம் சேருவதற்கு முன் ஒரு கேள்வி கேள், "மருந்தை எடுத்த பிறகு எத்தனை நாள் காத்திருந்து பார்க்கிறீர்கள்?" என்று. ஒரு வாரம் என்றால் யோசி. மாதக்கணக்கு என்றால் தயங்காதே. உன் முதல் வேலையும் அதுவாகவே இருக்கட்டும்: ஜே-லாட் செல்களை எடுத்து, டாட்டை அடைக்கும் மருந்தோடு ஒரு பங்கும் மருந்தில்லாமல் ஒரு பங்கும் வளர்த்து, மருந்தைக் கழுவி எடுத்துவிட்டு முப்பது நாள் பொறு. முப்பத்தோராம் நாள் இரண்டு தட்டிலும் டிஎன்எஃப்-ஆல்ஃபாவைப் போடு. மறுநாள் காலை உட்கார்ந்து பச்சையை எண்ணு, கறுப்பாகவே இருப்பவற்றைப் பிரித்து எடுத்து மறுபடி தூண்டி, அதில் எத்தனை எழுகிறது என்றும் எண்ணு. அந்த இரண்டாவது எண்ணை எனக்கு அனுப்பு.